எண்ணண்ணன் காட்டிய மூன்று

எண்ணண்ணனின் நெற்றியில் 3 என்று எரிந்தது. வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

சாவித்ரிக்கு முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதின்மூன்று வயதில் சொந்தமாக ஒரு ரோபோவைச் செய்து முடித்துவிட்டு, திங்கட்கிழமை பள்ளிக் கண்காட்சியில் அது மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறவளுக்குப் பேய் நினைப்பா வரும்? பிஸ்கட் டின் உடம்பு, டால்டா டப்பா தலை. வாசல் கதவுக்கு உட்பக்கம் அது நிற்க, எதிரே ஒரு டார்ச் அதன் இரண்டு கண்களையும் பார்த்து எரிந்துகொண்டிருக்கும். வெளிச்சத்தை மறித்து யாராவது உள்ளே வந்தால் ஒன்று கூட்டும், வெளியே போனால் ஒன்று கழிக்கும். வீட்டில் எத்தனை பேர் என்று எந்த நேரமும் சொல்லிவிடும். எண்ணுகிற அண்ணன் என்பதால் எண்ணண்ணன். பெயர் வைத்தது ஆறு வயதுத் தம்பி சாம்பசிவன். ஒரு வாரமாக அக்காவும் தம்பியும் அதை வைத்துக்கொண்டு செவ்வாய்க் கிரகத்துத் திருடர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்றொன்று நவம்பர் மாதம். ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டு நாளாக விடாத மழை, கரண்டும் போயிருந்தது. மாலை ஆறரைக்கே மாடி வீட்டுக் கூடம் இருட்டிவிட்டது. அம்மா வேலை பார்க்கும் பள்ளி கீழ்க்கட்டளையில். பஸ் கிடைத்து வந்து சேர ஏழாகும். அப்பா சுடுகாட்டுக்குப் போயிருந்தார். பின் தெரு நாகலக்ஷ்மி மாமி காலையில் இறந்துபோயிருந்தாள்.

மாமிக்குப் பிள்ளை இல்லை. சாம்பசிவன் என்றால் உயிர். போகும்போதெல்லாம் கைநிறையக் கல்கண்டு கொடுப்பாள், கிளம்பும்போது நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பாள்: "'போறேன்'னு சொல்லப்படாதுடா. 'போயிட்டு வரேன்'னு சொல்லணும்." அவன் சொன்ன பிறகுதான் விடுவாள். சமத்துப் பிள்ளை, ஒரு நாளும் மறந்ததில்லை. இன்றைக்கும் மறக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து சொல்லாமல்தான் புறப்பட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கூடம் நிறையப் பெண்கள் அழுதுகொண்டிருக்க, மாலைக்கு நடுவே தெரிந்த அந்த மஞ்சள் பூசிய முகத்தைப் பார்த்து, "மாமி, போயிட்டு வரேன்" என்று தெளிவாகச் சொன்னான். அழுகை ஒரு நொடி நின்றது. சாவித்ரி அவன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பல்லி ஏதாவது குறுக்கே ஓடியிருக்கும் என்று அவள் இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள், போட்டபடியே இருந்தது. பொத்தானை அழுத்தி எண்ணை மறுபடி 2 ஆக்கினாள். பாயில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டை விழுந்த மழைக்குழாயிலிருந்து தண்ணீர் படிக்கட்டில் கொட்டும் சத்தமும், தூரத்தில் வேளச்சேரி ரோட்டில் சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும் லாரிகளின் உறுமலும் கேட்டபடி இருந்தன. அவற்றுக்கு நடுவில் எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. கதம்பமும் ஊதுவத்தியும் ஈரத்துணியும் கலந்த வாசனை. குளித்துத் தலை துவட்டி, போட்டுக்கொண்டு போன துணியை எல்லாம் நனைத்துப் போட்ட பிறகும் அது எப்படி வரும் என்று யோசித்தாள்.

டார்ச் வெளிச்சம் ஒரு முறை மறைந்து தெரிந்தது.

3.

பல்லி இத்தனை பெரிதாக மறைக்காது. அது அவளுக்குத் தெரியும். செய்தவள் அவள்தானே.

சாம்பசிவன் பாயில் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டான். அவன் வாயில் எதையோ கடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னடா வாயில?"

"கல்கண்டு."

"யாரு குடுத்தா?"

அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

சாவித்ரிக்கு இப்போது பயம் வந்தது. கத்தினால் மழையில் யாருக்கும் கேட்காது. கதவைத் திறந்து ஓடலாம் என்றால் அந்த வெளிச்சத்தைத் தாண்ட வேண்டும். அவன் வரேன் என்றுதானே சொன்னான், அதற்காகக் கூட்டிப்போக வருவார்களா? தம்பியின் கையை அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். என்ன வந்தாலும் விடுவதில்லை. அம்மா வரும்வரை. ஏழு மணிவரை.

இருட்டில் புடவை உரசும் சத்தம். பாயைத் தாண்டி. வாசலை நோக்கி.

டார்ச் மறைந்து தெரிந்தது. எண் குறைந்தது.

2.

அப்பாடா. போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது. தம்பியின் கை அவள் கைக்குள்தான் இருந்தது. மழைகூடக் கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள்.

வாசல் பக்கமிருந்து குரல் கேட்டது. தினமும் கேட்கிற குரல், தினமும் கேட்கிற சொல்.

"அக்கா, போயிட்டு வரேன்."

"ம், போயிட்டு வா" என்றாள்.

பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

கண்ணைத் திறந்தாள். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. டார்ச் வெளிச்சம் மறைந்தது. தெரிந்தது.

படிக்கட்டில் தண்ணீரை மிதித்துக்கொண்டு சின்னக் கால்கள் இறங்கின. கூடவே மெட்டி ஒலி.

அவள் கைக்குள் இருந்த விரல்கள் மெல்ல விரிந்தன. பாதி கரைந்த கல்கண்டு ஒன்று அவள் உள்ளங்கையில் ஒட்டியது. கையை அழுத்திப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே, டால்டா டப்பா நெற்றியில், சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

1.