பால் மறக்காத பதியன்

ஜூலையில் திராட்சைக்கொடி அழக் கூடாது. கவாத்து செய்த வெட்டுவாயில் சாறு சொட்டுவதை ரியோ நேக்ரோ பள்ளத்தாக்கில் அழுகை என்பார்கள். அது செப்டம்பரில், மண் சூடேறிய பிறகு வருவது. இப்போது, தென்கோளத்தின் நடுக்குளிரில், மண் இறுகிக் கிடந்தது, வாய்க்காலில் மிஞ்சிய நீர் உறைந்து வெளுத்திருந்தது, பாப்லார் மரங்களில் ஓர் இலை இல்லை. ஆனாலும் அந்த ஒற்றைச் செடி மட்டும், எவரிஸ்தோ கத்தரி வைத்த இடத்திலிருந்து சொட்டியது. விரலை நீட்டினான். வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தவன் கையை அவசரமாகக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பால் வாசம்.

அடுத்த வரிசையில் கவாத்து செய்துகொண்டிருந்த அவன் அக்கா சுலேமா நிமிர்ந்தாள்.

"என்னடா, கைய வெட்டிக்கிட்டியா?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் மூஞ்சி வெளுத்துருக்கு? சூடா மாத்தே குடிக்கணும்னா வாயத் திறந்து கேளு. நடிக்காத."

அவன் சிரிக்கவில்லை. அவள் அந்தச் செடியைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"இதுவா? இது மூணாவது குளிர்காலம்டா. இன்னுமா பால் மறக்கடிக்கல?"

"நெலிதா வேண்டாங்கிறா."

"உன் பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவா. நேத்து அவளக் கட்டிப்பிடிச்சேன். உள்ள ஆளே இல்ல, வெறும் கம்பளிச்சட்டை. இந்த ஊர்க் காத்துக்கு அவ பையில ரெண்டு கல்லப் போட்டு அனுப்பு." சொல்லிவிட்டு அவளும் சிரிக்கவில்லை. "வெட்டிருடா. அவளுக்காகவாவது."

அவை கொள்ளுத்தாத்தா நட்ட பினோ திராட்சைக்கொடிகள். ஒன்று செத்தால் அந்த இடத்தில் வெளியிலிருந்து செடி கொண்டுவந்து நடுவதில்லை. பக்கத்தில் உள்ள வயதான கொடியின் கிளையொன்றை வளைத்து மண்ணுக்குள் பதித்து, நுனியை வெற்றிடத்தில் வெளியே விடுவார்கள். பதியன் தாயிடம் குடித்து வளரும். சொந்த வேர் பிடித்ததும் இடையில் உள்ள கிளையை வெட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் பால் மறக்கடிப்பது. வெட்டாவிட்டால் குட்டி நிறுத்தாமல் குடிக்கும். தாய் வற்றிப்போகும்.

அய்லின் பால் மறக்கவில்லை. எவரிஸ்தோவின் மகள், நெலிதாவுக்கு நாற்பதைத் தாண்டிப் பிறந்தவள். உட்காரப் பழகிய மாதத்தில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். சாம்பல் ஒரு கைப்பிடிதான் இருந்தது. அதை இந்த வெற்றிடத்தில் போட்டார்கள். அதன்மேல் கிளையை வளைத்துப் பதித்தது நெலிதா. வெறுங்கையால், யாரையும் தொடவிடாமல். குனிந்தபோது அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவள் வற்றிக்கொண்டே வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், வேலை செய்தாள், வற்றினாள். நகரத்து டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அறுவடைவரை அவள் இருக்க மாட்டாள் என்பது எவரிஸ்தோவுக்குத் தெரிந்திருந்தது. ரொட்டியைப் பிய்க்கும் அவள் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தது.

சுலேமா வீட்டுக்குப் போன பிறகு காற்று நின்றது. அந்த ஊரில் காற்று நிற்பதில்லை. வேலிக்கம்பியின் ரீங்காரமும், தகரக் கொட்டகையின் படபடப்பும், பிறந்ததிலிருந்து காதில் இருந்துகொண்டே இருந்த அந்தப் பெரிய இரைச்சலும் ஒரே மூச்சில் அடங்கின. சாயும் வெயிலில் கொடிகளின் நிழல்கள் நீண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவே தன் மூச்சுச் சத்தம் வேறு யாருடையதோபோல் கேட்டது. அவன் மண்வெட்டியையும் ரம்பத்தையும் எடுத்து வந்தான்.

பதியனுக்கும் தாய்க்கொடிக்கும் நடுவே தோண்டினான். புதைத்த கிளை கிடைத்தது. கை பட்டதும் தூளானது. உளுத்துப்போய், செத்து நெடுங்காலமாகியிருந்தது.

அப்படியென்றால் எதைக் குடிக்கிறது?

மறுபக்கம் தோண்டினான். மணிக்கட்டுப் பருமனில் ஒன்று இருந்தது, வெளுத்து, வழவழப்பாக. மேல் மண் விலகியதும் அதிலிருந்து ஆவி எழுந்தது. அது போன திசையில் கொடிகள் இல்லை. வீடு இருந்தது.

வரிசையின் முடிவில் தோண்டினான். இருந்தது. வாய்க்காலைத் தாண்டித் தோண்டினான். இருந்தது. முற்றத்தில் மண்டியிட்டுக் காதைத் தரையில் வைத்தான்.

ஓர் உறிஞ்சல். ஒரு நிறுத்தம். ஒரு விழுங்கல்.

சமையலறைச் சுவருக்கு அடியில் அது உள்ளே நுழைந்திருந்தது.

அடுப்பில் விறகு கனன்றது. நெலிதா மேசையருகே உட்கார்ந்திருந்தாள். விளக்கு ஏற்றவில்லை. செருப்பு ஓரமாகக் கிடந்தது.

"தோண்டுற சத்தம் கேட்டுச்சு," என்றாள். "வெட்டிட்டியா?"

"இல்ல."

"கோவிச்சுக்காத. எந்திரிக்கத்தான் பாத்தேன். கால எடுத்தா அழறா."

அவன் குனிந்தான். தரைப்பலகைகளின் இடுக்கிலிருந்து வெள்ளை வேர்கள் எழுந்து வந்திருந்தன, முடிபோல மெல்லியவை. அவள் பாதங்களுக்குள் போயிருந்தன. ரத்தம் இல்லை. மெதுவாகத் துடித்தன.

ரம்பத்தை அந்த வேர்களின்மேல் வைத்தான்.

"அவளுக்குச் சொந்த வேர் பிடிக்கல, எவரிஸ்தோ. நான் தடவிப் பாத்துட்டேன். வெட்டினா போயிருவா. மறுபடியும்."

"வெட்டலேன்னா நீ போயிருவ."

"தெரியும்."

அவன் அண்ணாந்து பார்த்தான். அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. பால் கொடுத்த மாதங்களில் அவள் முகம் இப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு அதை அவன் பார்த்ததே இல்லை. கன்னத்தில் எலும்பு துருத்தி நின்றது.

ரம்பம் கையில் இருந்தது. ஓர் இழுப்பு போதும்.

ஜன்னலில் வெளிச்சம் தேய்ந்தது.

ரம்பத்தை மேசைமேல் வைத்தான். நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டான். பூட்ஸைக் கழற்றினான். காலுறையைக் கழற்றினான். கால்களை அவள் கால்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

பலகை சில்லென்றிருந்தது.

"அவளுக்கு உன்னை அடையாளம் தெரியுமா?" என்றாள் நெலிதா. "உன்கிட்ட அவ குடிச்சதில்லையே."

காத்திருந்தான்.

குதிகாலுக்குக் கீழே ஏதோ அசைந்தது. நின்றது. பிறகு, பல் முளைக்காத வாய் ஒன்று, ஈரமாக, தடவித் தடவித் தேடத் தொடங்கியது.