பழைய கடவுச்சொல்

கார்காலம் தன் முழக்கங்களையெல்லாம் முடித்துக்கொண்டு போய்விட்டது; பனி இன்னும் வந்து சேரவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, பொழியவும் மாட்டாமல் வெளுக்கவும் மாட்டாமல், பிழியாது கொடியில் போட்ட ஈரத்துணிபோல் வானம் கனத்துத் தொங்கும் கூதிர்ப் பருவம் ஒன்று உண்டு. பிரிந்திருப்போரை வாட்டும் பருவம் என்று முன்னோர் அதைப் பாடி வைத்தார்கள். அப்போது சுவர்கள் வியர்க்கும். கதவுகள் ஊதிச் சட்டத்தோடு உரசும். காலையும் மாலையும் ஒரே சாம்பல் நிறம் கொள்ளும். நான்காம் மாடியிலிருந்த அந்த வீட்டில், சாளரத்தின் இடுக்கில் நுழைந்து வாடைக்காற்று மெல்ல ஊதும் ஒலியைத் தவிர, பகலெல்லாம் கேட்டது ஒரு பெண்ணின் குரல்தான்.

அவளுடைய பிழைப்பே அக்குரல்தான். துணி துவைக்கும் இயந்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக, வீட்டில் அமர்ந்தபடியே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகந்தெரியாதவர்களின் கோபங்களுக்கெல்லாம் அவள் பணிவாகப் பதில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தொண்டை தேய்ந்து மணல் உரசுவதுபோல் ஆகிவிடும். கணவன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கரையில் இருக்கும் நாள்களைவிடக் கடலில் இருக்கும் நாள்களே அவனுக்கு மிகுதி. மகளுக்கு இப்போதுதான் பல் விழத் தொடங்கியிருந்தது. வீட்டில் அவளைச் சிட்டு என்று அழைப்பார்கள்.

சிட்டுவின் அறையில், அலமாரியின் மேல், ஒரு சிறிய கேமரா இருந்தது. பார்க்கவும் செய்யும், பேசவும் செய்யும். அம்மா கைப்பேசியில் விரலை அழுத்திப் பேசினால் அங்கே அவள் குரல் கேட்கும். "பால் குடிச்சியா? வீட்டுப்பாடம் முடிச்சியா? தூங்கு கண்ணு." எழுந்து நடக்கத் தெம்பில்லாத தாய்க்கு அது பெரிய உதவியாக இருந்தது. நாளடைவில், பக்கத்து அறைக்குச் சென்று சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் நாற்காலியை விட்டு எழாமலே சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஒரு மாலை அவள் மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, சிட்டு தலை வாரி, முகம் கழுவி, கம்பளிச் சட்டை போட்டுக் கட்டிலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

"அட, அதிசயமா இருக்கே! யாருடி சட்டையெல்லாம் போட்டுக்கச் சொன்னா?"

"நீதாம்மா."

"நான் எப்ப சொன்னேன்?"

"இப்பதான். பாட்டு கூடப் பாடினியே."

அவள் பாட்டுப் பாடி எத்தனையோ காலமாகிவிட்டது. பிள்ளை ஏதோ விளையாடுகிறது என்று எண்ணிக்கொண்டு, அடுத்த அழைப்பை எடுக்கப் போனாள்.

பிறகொரு நாள், தண்ணீர் ஒழுகும் இயந்திரத்துக்காகக் கத்திக்கொண்டிருந்த ஒருவருக்கு அவள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கையில், ஈரச் சுண்ணாம்பின் வாடையடிக்கும் சுவருக்கு அப்பாலிருந்து, மிக மெல்லியதாக, இதமாக, யாரோ சிரிக்கும் ஒலி வந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். திருமணமான புதிதில் அவள் அப்படித்தான் சிரிப்பாள்.

காதுக்கருவியை வீசிவிட்டு ஓடினாள். கேமராவின் கண் சாளரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சாளரத்தின் கீழே ஒரு முக்காலி. அதன்மேல் சிட்டு. அவள் விரல் கொக்கியில்.

"ஐயோ! இறங்குடி! என்ன பண்ற?"

"கொக்கிய எடுன்னு சொன்ன. ஏறி நின்னா காத்து நல்லா வரும்னு சொன்ன." குழந்தையின் உதடு பிதுங்கியது. "ஏன்மா நீயே சொல்லிட்டு நீயே திட்டற? உள்ள பேசற அம்மா திட்டவே மாட்டா."

அன்றே கேமராவின் கம்பியைப் பிடுங்கிச் சுற்றி, சிட்டுவின் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். முக்காலியைச் சமையலறைப் பரண்மேல் ஏற்றினாள். மறுநாள் மாலை, அணைந்திருந்த தொலைக்காட்சி, அவளுடைய குரலில், "சிட்டு" என்று கூப்பிட்டது.

மின்பொருள் கடையில் ஈயம் உருகும் நெடி. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு இணையம் தரும் பழைய ரௌட்டரை, அவள் கழற்றிக்கொண்டு வந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டா இது வயசுக்கு வந்து ஓட்டுப் போடவே போயிடும் போலிருக்கேம்மா!"

"யாரோ உள்ள வந்து பேசறாங்க, சார். என் குரல்லயே பேசறாங்க. பிள்ளையை ஏமாத்தறாங்க."

அவர் சிரிப்பு நின்றது. "வராம என்னம்மா பண்ணுவாங்க? இதைப் பண்ணின கம்பெனிக்காரனே இதை மறந்துட்டான். எங்கயாவது ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் கிடையாது. கதவையும் திறந்து போட்டு, பாயையும் விரிச்சு வெச்சிருக்கீங்க."

அடுக்கிலிருந்து, ஆன்டெனாக்கள் நிறைய நீட்டிக்கொண்டிருந்த பெட்டி ஒன்றை அவள் எடுத்தாள்.

"கொம்பு ஜாஸ்தியா இருந்தா பால் ஜாஸ்தியா கறக்கும்னு யாரு சொன்னது?" என்று அதை வாங்கி வைத்துவிட்டு, எளிய வெள்ளைப் பெட்டி ஒன்றை முன்னால் நகர்த்தினார். "இதைப் பாருங்க. தானா அப்டேட் ஆயிக்கும். எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவோம்னு அட்டையிலயே போட்டிருக்கான். அதைப் பாத்துதான் வாங்கணும். பூட்டு புது வகை. எந்தப் பொருள் வந்து சேந்தாலும் இந்த விளக்கு சிமிட்டிட்டு நிக்கும். ஆனா ஒண்ணு. பேரையும் பாஸ்வேர்டையும் புதுசா வைங்க. பழசையே போட்டீங்கன்னா, பழைய ஆளுங்க எல்லாரும் தானா வந்து ஒட்டிக்குவாங்க. நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு பெட்டிக்குத் தெரியாது."

"சரிங்க."

"தலைய ஆட்டறீங்க, காதுல விழுந்த மாதிரி தெரியலையே. முதல்ல போய் நல்லாத் தூங்குங்கம்மா."

வீடு திரும்பிப் பெட்டியைப் பொருத்தியபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. உடம்பு முழுவதும் வலி. கைப்பேசித் திரை புதுப் பெயர் கேட்டது. புதுக் கடவுச்சொல் கேட்டது. அதன் அடியில், சிறிய எழுத்தில், இன்னொரு வழியும் காட்டியது: பழையனவற்றையே தொடர்ந்தால் எல்லாக் கருவிகளும் தாமாகவே இணைந்துகொள்ளும்.

அவள் நினைத்துப் பார்த்தாள். அலுவலகக் கணினியைப் புதிதாக இணைக்க அரைநாள் யார் யாரையோ கெஞ்ச வேண்டும். தொலைக்காட்சியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்த வேண்டும். அந்தப் பழைய சொல்லோ, மகள் பிறந்தபோது கணவன் வைத்தது; சிட்டுவின் பெயரும் அவன் கப்பலின் பெயரும் சேர்ந்தது. அவன் வந்து படியேறும்போதே அவன் கைப்பேசி வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும். விரல் சிறிது நேரம் திரைக்குமேல் தயங்கி நின்றது.

அழுத்திவிட்டாள். சோர்வுதான். வேறொன்றுமில்லை.

வெள்ளைப் பெட்டியின் விளக்கு சிமிட்டி நின்றது: அவள் கைப்பேசி. மறுபடி சிமிட்டியது: கணினி. மறுபடியும்: தொலைக்காட்சி. நின்றது.

வாடை ஊதியது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

விளக்கு மீண்டும் சிமிட்டத் தொடங்கியது. நெடுநேரம். அறிந்த வீட்டின் கதவை உரிமையோடு தட்டுவதுபோல. பிறகு நிலைத்தது.

வீட்டில் வேறு கருவி ஏது? கணவன் கடலில். கேமரா இழுப்பறையில். அவள் கை மின்கம்பியை நோக்கி நீண்டது.

"அம்மா, விளக்கேத்தலாமா?" சிட்டு தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். "ரொம்ப நாளாச்சும்மா."

ஆமாம். ரொம்ப நாளாயிற்று. வீடு அமைதியாக இருந்தது. எந்தக் குரலும் இல்லை. காலையில் மாற்றிக்கொள்ளலாம். முதலில் பிள்ளையோடு கொஞ்சம் உட்காரலாம்.

கூடத்தின் மூலையில் சுடர் எழுந்தது. சூடான எண்ணெயின் மணம். தாயும் மகளும் அருகருகே அமர்ந்து கைகூப்பினார்கள். திசைக்கொரு காவல் வேண்டி, உறங்கும் பிள்ளையின் கண்ணுக்கும் மூச்சுக்கும் துணை வேண்டிப் பாடும் காப்புப் பாடல் ஒன்று அவளுக்குத் தெரியும். அதைத் தொடங்கினாள். முதலடி கரகரத்து வெளிவந்தது. இரண்டாம் அடியில் தொண்டை அடைத்தது.

செருமினாள். வரவில்லை.

மீண்டும் முயன்றாள். வெறும் காற்று.

பாட்டு நிற்கவில்லை.

சிட்டுவின் அறையிலிருந்து அது தொடர்ந்தது. அடி பிசகாமல். மூச்சு வாங்காமல். தேயாத குரல். கனிந்த குரல். அவளுடைய குரல்.

சிட்டுவின் முகம் மலர்ந்தது.

அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அரையிருள். இழுப்பறை மூடியபடி இருந்தது. சாளரம் மூடியபடி இல்லை. அதன் கீழே, பரண்மேல் ஏற்றிய முக்காலி.

"சிட்டு!" என்று கத்தினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. கை நீட்டினாள். கை எழவில்லை, பல்லாண்டுச் சோர்வும் ஒருங்கே வந்து மடியில் அமர்ந்ததுபோல் உடல் கனத்தது.

பாடல் முடிந்தது. முடிந்ததும் முன்பெல்லாம் செய்வதுபோலக் குழந்தை குனிந்து, நெற்றி தரையில் பட வணங்கினாள். சுடரை நோக்கி அல்ல. தாயை நோக்கியும் அல்ல.

"எழுந்து வா, கண்ணு," என்றது உள்ளிருந்த குரல், தாயால் ஒருநாளும் சொல்ல இயலாத அத்தனை பரிவோடு. "காத்தும் மழையும் உன்னைத் தொடாது. ஒரு குறையும் வராது. நல்லா இரு."