ஊசிமலையின் 134 பில்டர்கள்

செவ்வாய்க்கிழமை, காலை 7.10.

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் கடைசி லயத்தில், அந்த வரிசை வீடுகளின் கடைசி வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள் றொசானா. கொப்பியில் போட்டிருந்த கோடுகளை இரண்டு தடவை எண்ணினாள். நூற்று எண்பத்தாறு வீடுகள். தண்ணீர் பில்டர் இருந்தது ஐம்பத்திரண்டில். மீதி நூற்று முப்பத்துநான்கைக் காணவில்லை.

ஒன்றிரண்டு என்றால் உடைந்தது, தொலைந்தது என்று விட்டுவிடலாம். நூற்று முப்பத்துநான்கு என்பது ஒரு லொறிச் சுமை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

உடப்புசல்லாவைப் பக்கம் மண்சரிந்து ஊற்றுத் தண்ணீர் கெட்டதில் லயங்களில் மஞ்சள் காமாலை பரவியது. ஓபல் நிவாரணம் என்ற வெளிநாட்டு நிறுவனம் வீட்டுக்கொரு பில்டர் கொடுப்பதாகச் சொல்லி வந்தது. செலவழித்த காசுக்கு நோய் குறைந்ததா என்று அந்த நிறுவனத்துக்கு மதிப்பிட்டு எழுதுவது றொசானாவின் வேலை. டயகமவில் கொழுந்து பறித்தவரின் மகள், படித்து முன்னேறி நுவரெலியாவில் வாடகைக்கு இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம் என்று அலுவலகத்தில் பெயர். அவளும் அதை மறுத்ததில்லை.

அறிக்கை நல்லபடியாகப் போனால் இரண்டாம் கட்டம் வரும். மலை உச்சியிலிருந்து குழாய் போட்டு எல்லா லயத்துக்கும் சுத்தமான தண்ணீர். போகாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமியின் ஆறு வயது மகள் கேஷிகா, மஞ்சள் பூத்த கண்ணோடு மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அந்த வீட்டில் பில்டர் இல்லை.

8.30.

நிறுவனத்தின் தோட்ட இணைப்பாளர் றோலண்ட், குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் பிளேன்டீயோடு காத்திருந்தார். ஊசிமலையில் பதினோரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து, ஜனவரி கடைசியில் நிறுவனத்துக்கு மாறியவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதர்.

முதல் ஐம்பத்திரண்டும் வெளிநாட்டுக்காரர் முன்னால், படம் பிடித்துக் கொடுக்கப்பட்டவை என்றார். மற்றவை மார்ச் பதினான்காம் தேதி தோட்டத்து ஆட்கள் மூலமாகக் கொடுக்கப்பட்டன. கணக்கப்பிள்ளை பிரதாப் பெற்றவர்களின் லிஸ்டைத் தந்தார், இவர் கொழும்புக்கு அனுப்பினார், அவ்வளவுதான்.

"லிஸ்டு எப்படி எழுதினாங்க?" என்று கேட்டாள் றொசானா.

"லயம் லயமா, வீடு வீடாப் போயி, குடுக்கக் குடுக்கக் கையெழுத்து வாங்கினது தங்கச்சி."

"அப்ப பில்டர் எங்க?"

"வித்துட்டாங்க. நம்ம சனத்தப் பத்தி உனக்குத் தெரியாதா?"

றொசானாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. 'நம்ம சனம்' என்று சேர்த்துக்கொண்டு சேற்றை வாரிப் பூசுகிறவர்களை அவளுக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாது. அந்த வரியை அவர் ஏற்கெனவே நிறுவன இயக்குநருக்கு முதல் அறிக்கையாக எழுதியும் அனுப்பியிருந்தார்: பயனாளிகள் விற்றுவிட்டனர், இரண்டாம் கட்டம் வீண். றொசானா லிஸ்டின் பிரதியை வாங்கிப் பையில் வைத்தாள்.

9.20.

பிரதாப் பெப்ரவரி முதலாம் தேதி வேலைக்கு வந்த இளம் கணக்கப்பிள்ளை. கேட்டதும் முகம் சிவந்தது. லொறி வந்தது உண்மை, றோலண்டும் கூட வந்தார், "நானே குடுத்துக்கிறேன்" என்று சொல்லி லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்றான்.

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க மிஸ். பெரியவரு சொன்னாருன்னு நம்பினேன்."

லிஸ்டை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம். கேட்டதற்குச் செக்ரோல் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். தொழிலாளர் பெயர்கள் கேங் கேங்காக அதில் இருந்தன. வந்த அன்றே முதலாம் கேங்கை மட்டும் அப்படியே விட்டு, மற்ற கேங்குகளைக் கலைத்துப் புதிதாகப் பிரித்தானாம், அதனால் இது புதுப்புத்தகம். பழையது ஜனவரியிலேயே தோட்டக் கம்பெனியின் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது, பிரதி கிடையாது.

ஆக, இவர் சொல்லுக்கு அவர் சொல். கையெழுத்துகளோ எல்லாம் கிறுக்கல்கள். அவற்றை நிபுணரிடம் அனுப்பினால் பதில் வர ஆறு மாதம் ஆகும். இயக்குநர் மெரினா பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறார்.

12.05.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையை இறக்கி நின்றார்கள். விற்றதாகச் சொல்கிறார்கள் என்ற செய்தி அதற்குள் மலை முழுக்கப் பரவிவிட்டது. நாகலெட்சுமி தலைத்துணியை அவிழ்த்து உதறினாள்.

"எங்க புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குது. தண்ணி சுத்தம் பண்ற சாமான வித்து நாங்க என்னத்தத் திங்கப் போறோம்? யாரு சொன்னதுன்னு எங்க முன்னால வந்து சொல்லச் சொல்லுங்க மிஸ்."

முதலில் லிஸ்டைப் படிக்கிறேன், கிடைத்ததா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள் றொசானா. முதல் பெயரைப் படித்தாள். இல்லை. இரண்டாவது. இல்லை. நான்காவது பெயரைப் படிக்க வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் யாரோ அதைச் சொல்லிவிட்டார்கள். ஐந்தாவதையும் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

றொசானா தாளை மடித்து முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தது யாரு?"

சொன்னார்கள். அதற்கடுத்தது? அதையும் சொன்னார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"தெனம் காலையில பெரட்டுக் களத்துல இப்படித்தானே கூப்புடுறாங்க" என்றாள் மீனம்மா. "என் பேருக்கு அடுத்து தனுஷிகா."

றொசானா தாளைப் பார்த்தாள். மீனம்மாவுக்கு அடுத்து இருந்தது ரத்னா.

கூட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து ரத்னாவே குரல் கொடுத்தாள். "அது முந்திங்க மிஸ். பெப்ரவரியில என்னை நாலாம் கேங்குக்கு மாத்திட்டாங்க. இப்ப நான் கடைசிக்கு முந்தின பேரு."

லிஸ்டில் வரிசையாக வரும் முதல் மூன்று பெண்களின் வீடு எது எது என்று றொசானா கேட்டாள். மேல்லயம், ஆற்றோர லயம், மறுபடி மேல்லயம். உடனே கிளம்பி, கைத்தொலைபேசியில் நேரம் வைத்து அந்த மூன்று வீட்டுக்கும் அதே வரிசையில் நடந்தாள். நாற்பத்தோரு நிமிடம். மூச்சு வாங்கப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. துப்பு முழுவதும் கைக்கு வந்துவிட்டது, வாசகர் கைக்கும்தான்.

2.00.

பிள்ளைக்காம்பராவில் மெரினா, றோலண்ட், பிரதாப். அரைப்பெயர் விழுந்து அரைநாள் சம்பளம் போனால் போகட்டும் என்று நாகலெட்சுமியும் வந்து சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"லிஸ்டு பொய் மேடம்" என்று ஆரம்பித்தாள் றொசானா. "வீடு வீடாக் குடுத்திருந்தா பக்கத்து வீட்டுப் பேரு பக்கத்துல வரணும். இந்த வரிசையில குடுக்கணும்னா பில்டரத் தூக்கிக்கிட்டு மலையில நாள் கணக்கா ஏறி எறங்கணும். மூணு வீட்டுக்கு எனக்கு நாப்பத்தோரு நிமிஷம் ஆச்சு. இது வீட்டு வரிசை இல்ல, பெரட்டு வரிசை. கேங்கு வாரியாக் காலையில பேரு கூப்புடுற வரிசை."

றோலண்ட் பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினார். பெரட்டில் பேர் கூப்பிடுவது கணக்கப்பிள்ளை, நான் அன்றைக்கே சந்தேகப்பட்டேன், சின்னப் பையன் என்று விட்டுவிட்டேன் என்றார். பிரதாப் பாதி எழுந்துவிட்டான். றொசானா கையமர்த்தினாள்.

"றோலண்ட் அண்ணன், ஒங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டாம் கேங்குல மீனம்மாவுக்கு அடுத்து யாரு?"

"ரத்னா" என்றார் அவர், யோசிக்காமல். "பதினோரு வருஷம் கூப்புட்டவன் நான், தூக்கத்துலயும் சொல்லுவேன்."

"பிரதாப்?"

"தனுஷிகாங்க மிஸ்."

றொசானா லிஸ்டை மேசையில் விரித்து விரலை வைத்தாள். ரத்னா. மார்ச் மாத லிஸ்ட். பெப்ரவரியில் கலைந்துபோன வரிசை. பிரதாப் எழுதியிருந்தால் தன் முன்னால் இருக்கிற புதுப்புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பான். இரண்டாம் கேங்கின் பழைய வரிசை அவனுக்குத் தெரியவே தெரியாது. பழைய புத்தகமும் தோட்டத்தில் இல்லை. அந்த வரிசையை எழுதக்கூடிய கை ஒன்றுதான்.

"நூத்தி முப்பத்திநாலு பேரு வேணும்னு ஒக்காந்தீங்க. வாயில ஊறின வரிசை அப்படியே கையில வந்திருச்சு. நீங்கதான் எழுதினீங்க, நீங்கதான் எடுத்தீங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். றோலண்டின் பிளேன்டீ கை தட்டிக் கவிழ்ந்தது, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மச்சானின் விடுதி, சுற்றுலாச் சீசன், அறைக்கொரு பில்டர் என்று துண்டு துண்டாகச் சொன்னார். மிச்சத்தைக் கண்டி வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டாராம்.

மெரினா மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, வெளியே தெரிந்தால் நன்கொடையாளர்கள் பின்வாங்குவார்கள் என்றார். றோலண்டை நீக்கிவிடலாம், பில்டரைத் திரும்ப வாங்கிக் கொடுக்கலாம், அறிக்கையில் 'விநியோகத்தில் சில குறைபாடுகள்' என்று ஒரு வரி போதும்.

"நான் அப்படி எழுத மாட்டேன் மேடம்" என்றாள் றொசானா. "திருடினவர் பேரும் வரும், எத்தனைங்கிறதும் வரும். பொலிசுல முறைப்பாடும் போகும். வேலைய விட்டுத் தூக்கினாலும் இதே அறிக்கைதான்."

அதுவரை சுவரோரம் நின்ற நாகலெட்சுமி முன்னால் வந்தாள்.

"எங்களப் பில்டர வித்துத் தின்னவங்கன்னு எழுதி அனுப்புனீங்கள்ல, அதுக்கு என்னங்க?"

அது நீக்கப்படும் என்றார் மெரினா.

"கொழும்புல ஒக்காந்து நீக்குனா எங்களுக்கு எப்படித் தெரியும்? பேரு கூப்புடுற எடத்துல வந்து சொல்லுங்க. சொல்லாட்டி நாளைக்கு ஒருத்தரும் மலைக்கு ஏற மாட்டோம். ஒங்க பில்டரும் வேணாம், குழாயும் வேணாம்."

மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது குழாயையே வேண்டாம் என்கிறவளை மெரினா நிமிர்ந்து பார்த்தார். பேனா தட்டுவது நின்றது.

புதன்கிழமை, காலை 6.40.

பெரட்டுக் களத்தில் பனி விலகவில்லை. எல்லா லயத்துப் பெண்களும் கூடையோடு நின்றார்கள். ஆண்கள் வேலியோரம் நின்றார்கள். மெரினா றோலண்டின் முதல் அறிக்கையைப் பிரித்து, பயனாளிகள் விற்றுவிட்டனர் என்ற வரியை உரக்கப் படித்தார். இது பொய், எழுதியவர் திருடியவர், நிறுவனம் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறது என்றார். குழாய் வேலை அடுத்த மாதமே தொடங்கும் என்றும் சொன்னார்.

யாரும் கைதட்டவில்லை. நாகலெட்சுமி முன்வரிசையிலிருந்து கையை நீட்டினாள்.

"அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க."

கொழுந்துக் கறையேறிய விரல்களால் பேனாவைப் பிடித்து, தாளைக் கூடையின் மேல் வைத்து, அந்த வரியை இடமிருந்து வலமாக அழுத்திக் கோடிழுத்து வெட்டினாள். தாள் கிழிந்தது. அடுத்தவளிடம் பேனாவைக் கொடுத்தாள். அவளும் வெட்டினாள்.

அன்றைக்கு ஊசிமலையில் வேலை தொடங்க எட்டரை மணி ஆயிற்று. பிரதாப் யாருக்கும் அரைப்பெயர் போடவில்லை.