அன்னாள் என்ற தோணி

விளக்கேற்றப் போன ரோசியின் கை பாதியில் நின்றது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. அழுத்தமாக இன்னொரு டொக். எண்ணெயில் ஊறிய பருத்தித் திரியைத் தோணிப் பலகைகளின் இடுக்கில் வைத்து, மழுங்கிய உளியால் இறுக்கும் சத்தம். அவள் புருசன் கஸ்பாருக்கு மட்டுமே உரிய தட்டு. அவனைக் காவிரி கொண்டுபோய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது.

மோகனூர்த் துறையிலிருந்து அக்கரைக்கு வெல்லம் ஏற்றிப்போன சரக்குத் தோணி அவனுடையது. இறந்துபோன முதல் மனைவி அன்னாளின் பெயரை அதன் முகப்பில் எழுதியிருந்தான். கோடையில் ஆறு வற்றும்போது, மணல் நிரப்பி அதை மடுவில் மூழ்கடித்து வைப்பான். நீருக்குள் கிடந்தால்தான் பலகைகள் உப்பி ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் சுருங்கி இடுக்கு விரியும். போன கோடையில் காமாலையோடு அவன் சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தோணியை மூழ்கடிக்க வந்த கூட்டாளி சின்னண்ணனை ரோசிதான் திருப்பி அனுப்பினாள். கிடந்து காயட்டும் அந்த அன்னாள்.

திரும்பிவந்த கஸ்பார் விரிந்த இடுக்குகளைத் தடவிப் பார்த்தான்.

"பலகை மொதல்ல தண்ணி குடிக்கோணும் ரோசி. கொஞ்ச நாள் கூடவே இருந்து பாக்கோணும்."

"அவகூடவே குடும்பம் நடத்துங்க. நா எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

"செத்தவ மேல என்ன வவுத்தெரிச்சல்? செரி, நாளைக்கே எறக்கறேன், போ."

காய்ந்த பலகைகளுக்கு நடுவிலேயே திரியை இறுக்கி அடைத்தான். அப்படி அடைத்தால், மரம் பிறகு நீர் குடித்து உப்பும்போது அதற்கு இடமிருக்காது; ஆணியைப் பிடுங்கிக்கொண்டு பிளக்கும். தோணி சில நடை போய்வந்தது. பிறகு நடு ஆற்றில் பிளந்தது. சின்னண்ணன் மட்டும் நீந்திக் கரையேறினான்.

இந்தச் சத்தத்தைச் சின்னண்ணனிடம் நேற்றே சொல்லியிருந்தாள்.

"தோணியே இல்லாம எவனுங்கக்கா திரி அடைப்பான்? மரங்கொத்தியா இருக்கும்," என்று சிரித்தான்.

டொக், டொக். இன்று ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை. வாசலில். நனைந்த வெல்லத்தின் புளித்த வாடை கதவுக்கடியில் நுழைந்தது. பயத்துக்கு நடுவிலும் அவளுக்குள் ஒரு பூரிப்பு. அந்த அன்னாளிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்திருக்கிறார்.

"ஏனுங்க?"

கதவை இழுத்தாள். அசையவில்லை. கதவுப் பலகைகளுக்கிடையே தெரிந்த அந்தி வெளிச்சக் கீற்றுகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து. ஈரத் திரியால்.

மிச்சமிருந்த ஒரே இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கஸ்பார். குனிந்த தலை. சொட்டும் நீர். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டது. ஊறி வெளுத்த கை. அதில், ரோசி பெட்டியில் பூட்டி வைத்திருந்த கல்யாணப் பட்டு. கிழித்து, திரியாக முறுக்கி.

அவன் சிரித்தபடி வாங்கிக்கொண்டான்.