சிவப்புப் பட்டனும் ஆயிரத்து ஒன்பதும்

குருவி மூன்றாம் முறையாக எண்ணினாள். மறுபடியும் ஆயிரத்து ஒன்பது.

காலையில் ஆயிரத்து எட்டுதான் இருந்தது. அம்மாவின் தையல் கடையில் கேட்டு வாங்கிய சட்டைப் பட்டன்கள். எல்லாம் வெள்ளை. வரிசைக்கு முப்பத்தாறு வீதம் இருபத்தெட்டு வரிசை. கச்சிதம்.

பள்ளிக் கண்காட்சிக்காகக் கணக்கு டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "சேர்த்த பட்டனை எல்லாம் அட்டையில ஒட்டணும். வரிசைகள் சமமா இருக்கணும். ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது."

இப்போது வெள்ளைக் குவியலில் ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது.

"பொடிசு, இங்க வா."

தங்கை வந்தாள். அவள் சட்டையின் கழுத்தில் பட்டன் இல்லை. நூல் மட்டும் தொங்கியது.

"என்னைத்தான் பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கல. என் பட்டனாவது போகட்டும்க்கா."

தையல் மெஷினை நிறுத்தாமலே அம்மா சொன்னாள். "அவ தூங்கறப்போ எடுத்துடு."

"கண்காட்சிக்கு வந்து தேடுவாம்மா. இல்லைன்னா அட்டையையே பிய்ச்சுடுவா."

குருவி பென்சிலை எடுத்தாள். இரண்டால் வகுத்தாள், ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தாள், ஒன்று. ஐந்தால் வகுத்தாள், நான்கு. முப்பத்தொன்று வரை போனாள். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே ஆயிரத்து ஒன்பதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

"பகா எண்மா. ஒண்ணையும் தன்னையும் தவிர எதுக்கும் மசியாது."

"உன் தங்கச்சி மாதிரின்னு சொல்லு."

"ஒரே வரிசையா ஒட்டுக்கா" என்றாள் பொடிசு.

"அட்டை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிடும்."

அம்மா நீலத் துணி ஒன்றை விரித்து, கத்தரிக்கோலை எடுத்தாள். பெரியவளுக்கு ஒரு சட்டை வெட்டினாள். மிச்சத்தில் சின்னவளுக்கு ஒன்று.

குருவி அதையே பார்த்தாள். பிறகு பாய்ந்து வந்து பென்சிலைப் பிடித்தாள்.

பெரிதாக ஒரு சதுரம்; மிச்சத்தில் சின்னதாக இன்னொன்று. முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று வைத்தால் மிச்சம் சதுரமாகவில்லை. முப்பதும் ஆகவில்லை. இருபத்தொன்பதும் ஆகவில்லை. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு வைத்தால், மிச்சம் இருநூற்று இருபத்தைந்து.

பதினைந்துக்குப் பதினைந்து!

பதினைந்து ஒற்றை எண். அதனால் சின்னச் சதுரத்துக்கு நட்டநடுவில் ஓர் இடம் இருந்தது. சிவப்புப் பட்டன் அங்கே உட்கார்ந்தது.

கண்காட்சியில் டீச்சர் அட்டையின் முன் வெகுநேரம் நின்றார்.

"ஏன் ரெண்டாப் பிரிச்சே?"

"ஒரே கட்டத்துல அடங்க மாட்டேங்குது டீச்சர். பகா எண். ஆனா எதுவும் மிஞ்சல."

டீச்சர் விரலால் எண்ணிப் பார்த்தார். சிரித்தார். "ஆயிரத்து எட்டோட நிறுத்தியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்கும் டீச்சர்" என்ற குருவி, அம்மாவின் கையைப் பிடித்து நின்ற பொடிசைப் பார்த்தாள்.

அன்று மாலை அம்மா புதுப் பட்டனும் ஊசியுமாக வந்தாள். பொடிசு கழுத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம். அது பள்ளிக்கூடம் போயிருக்கு. வந்துடும்."