நாற்பது கிராம்

நிலாவின் மூன்றாம் குடியிருப்பில் காலை ஆறு மணி அடித்ததும் எஸ்தர் கதவைத் திறந்து, வீட்டின் நேற்றைய குப்பையை இரு கைகளிலும் ஏந்தி நின்றாள். சீப்பில் உதிர்ந்த முடி, வெட்டிய நகம், ஒரு மாத்திரைத் தாள், சுவரோரத் தூசு. வாசலுக்கு உருண்டு வந்த எடைகாணி இயந்திரம் தன் தட்டை நீட்டி வாங்கியது. முப்பத்தெட்டு கிராம் என்று அறிவித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு உருண்டது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒரு நாளைக்கு வீட்டுக்கு நாற்பது கிராம்தான் அனுமதி. அதற்கு மேல் குடியிருப்பின் கழிவுச் செரிப்பான் தாங்காது. மீறினால் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று சேர்ந்தால் அடுத்த கப்பலில் பூமிக்கு. எடைகாணியிடம் காரணம் சொல்லிப் பயனில்லை. அதைச் செய்தவர்கள் அதற்குக் காது வைக்கவில்லை.

எஸ்தர் வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு புள்ளிகள். மகள் பெனிட்டாவுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் மருந்து உறைகளால் ஒன்று, கணவன் ஜெபராஜின் செருப்பு அறுந்த அன்று இன்னொன்று. அவளும் ஜெபராஜும் தூத்துக்குடிக்காரர்கள். திரும்பிப் போனாலும் எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள். ஆறு வயது பெனிட்டா இங்கேயே பிறந்தவள். அவள் எலும்புகள் நிலாவின் லேசான கனத்துக்கு வளர்ந்தவை. பூமியில் அவளால் எழுந்து நிற்க முடியாது, இதயமும் அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அதனால் அந்த வீட்டில் பீர்க்கங்காய்த் தோல் துவையலானது, வாழைக்காய்த் தோல் பொரியலானது. ஜெபராஜின் பழைய சட்டை முதலில் தலையணை உறையாகி, பிறகு கரித்துணியாகி, இன்னும் ஓய்வு பெறவில்லை. இத்தனைக்கும் நடுவே எஸ்தர் ஒரே ஒரு தப்பு செய்திருந்தாள். நான்கு மாதத்துக்கு முன் குளியலறை பிளாஸ்டிக் கப்பு உடைந்தது. உடைந்ததையும் உதவாததையும் மறுநாளே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். கப்போ நூற்றெழுபது கிராம். அவள் அதை ஒளித்துவைத்து, தினமும் கத்தரிக்கோலால் ஒரு கீற்று நறுக்கித் தூசோடு கலந்து கொடுத்துவந்தாள். கைப்பிடி மட்டும்தான் பாக்கி.

அன்று மதியம் சுவர்த்திரையில் அறிவிப்பு வந்தது. நாளை பத்து மணிக்குக் கழிவுத் துறை ஆணையர் உங்கள் இல்லம் வருகிறார், குடும்பத்தினர் அனைவரும் இருக்க வேண்டும். காரணம் எதுவும் போடவில்லை.

"கப்பக் கண்டுபிடிச்சிட்டாவ," என்றாள் எஸ்தர். "பிள்ளைய என்ன செய்யப் போறோம்?"

கால்ல கையில விழுந்தாவது நிப்பாட்டிருவோம் என்று ஜெபராஜ் சமாதானம் சொன்னான். அன்று பெனிட்டா மட்டும்தான் சாப்பிட்டாள்.

மறுநாள் சரியாகப் பத்துக்கு வாசல் மணி அடித்தது. கப்பின் கைப்பிடியை இடுப்பில் மறைத்துச் செருகிக்கொண்டு, மகளைப் பின்னால் தள்ளிவிட்டு எஸ்தர் கதவைத் திறந்தாள். வெளியே ஆறு பேர் கைதட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று மீட்டர் ஃபிளெக்ஸ் பேனரில் அவள் முகமே சிரித்தது. இந்த ஆண்டில் ஒரு நாள்கூட அளவை மீறாத வீடு என்று ஆணையர் தாணுமூர்த்தி அறிவித்தார். போன ஆண்டின் புள்ளிகளை அவர் பெருந்தன்மையாகக் குறிப்பிடவில்லை. அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடித்தாள் சுற்றிய பிளாஸ்டிக் பூங்கொத்து, தெர்மாக்கோல் பெட்டிக்குள் கேடயம், ஜிகினாத்தாளில் இனிப்பு டப்பா, எல்லாம் பூமியிலிருந்து வரவழைத்தவை. படம் எடுத்தார்கள்.

"ஐயா, இதெல்லாம் எடைக்குப் போகுமே," என்றாள் எஸ்தர்.

ஆணையர் சிரித்தார். "என்னம்மா நீங்க, இது மரியாதை. மரியாதைக்கு யாராவது எடை பார்ப்பாங்களா?"

அவர்கள் போனதும் இருவரும் பரபரவென்று வேலையில் இறங்கினார்கள். பொன்னாடை மகளுக்குப் போர்வையானது. கேடயம் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போனது. அவர்கள் விட்டுப்போன பேனரில் பாதி ஜன்னல் திரை, மீதி பாய்க்கு அடிவிரிப்பு. இனிப்பைத் திகட்டத் திகட்டத் தின்றார்கள். தாளும் டப்பாவும் தெர்மாக்கோலும் பூங்கொத்தும் என்ன செய்தும் ஒன்றுக்கும் உதவவில்லை. ஒளிக்கவும் வழியில்லை. பரிசுப் பட்டியலை ஆணையரே பெருமையோடு எடைகாணியில் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார்.

காலை ஆறு மணிக்கு எடைகாணி தொள்ளாயிரத்து நாற்பது கிராம் என்று அறிவித்தது. மூன்றாவது புள்ளி விழுந்தது.

ஜெபராஜ் ஆணையரிடம் ஓடினான். அவர் உண்மையாகவே வருந்தினார். எடைகாணி வைத்த புள்ளியை எந்த மனிதரும் அழிக்கக்கூடாது, சிபாரிசுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று போராடிச் சட்டம் கொண்டுவந்தவரே அவர்தான். "ஆனா உங்கள அப்படியே சும்மா அனுப்பிர மாட்டோம்," என்று தோளைத் தட்டி அனுப்பினார்.

மாலையில் அறிவிப்பு வந்தது. எஸ்தர் மகளின் மெலிந்த கால்களை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். விருதுக் குடும்பத்துக்கு மாபெரும் வழியனுப்பு விழா. மூவருக்கும் பொன்னாடை, பூங்கொத்து, கேடயம்.

"எனக்கும் உண்டாம்மா?" என்று கேட்டாள் பெனிட்டா.

எஸ்தர் வெளியே எட்டிப் பார்த்தாள். வாசலில் இரண்டு பேர் புதிய பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றையதைவிட இரண்டு மடங்கு பெரியது. அவள் முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'குப்பையைக் குறைப்போம்' என்று போட்டிருந்தது.