நீல நாடா கட்டிய கேக்

கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது கத்தியைத்தான். அதற்குப் பிறகுதான் ஆளைப் பார்த்தாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் தொப்பலாக நனைந்தபடி ஓர் இளைஞன் நின்றான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மார்போடு அணைத்த அட்டைப்பெட்டி. குடைக்குக் கீழே இருந்தது அவன் இல்லை... பெட்டி! மூடி திறந்திருந்த அந்தப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கேக். அதன் நட்டநடுவில், பிடி வரை இறங்கிப்போய், ஒரு கத்தி.

"கேக் பண்ற வீடு இதுதானே?"

"ஆமா... நீங்க?"

"இதைக் கொஞ்சம் வெட்டிக் கொடுங்களேன். எங்க அம்மா வெட்டிப் பார்த்தாங்க. மாமா வெட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கத்தி உள்ள போச்சு. வெளிய வரமாட்டேங்குது."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வீட்டு கேக் பஞ்சு மாதிரி இருக்கும். வெட்டத் தெரியாதவங்க வெட்டினா..."

"பஞ்சுன்னா எந்தப் பஞ்சு? கடிச்சும் பார்த்துட்டேங்க."

"கடிச்சீங்களா!"

"வந்தவங்க எல்லாரும் என் வாயையே பார்த்துட்டு இருந்தாங்க. வேற என்ன பண்றது? 'கிறீக்'குனு ஒரு சத்தம்... இன்னும் பல்லு கூசுது."

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் பெட்டியின் ஓரத்தில் நனைந்து தொங்கிய நாடா கண்ணில் பட்டது.

நீல நாடா.

உதட்டுக்கு வந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அன்று காலை அவள் இரண்டு கேக்குகளைச் செய்து முடித்திருந்தாள். ஒன்று உண்மையானது. பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவின் பிறந்தநாளுக்காகச் செய்தது. மற்றொன்று, பெரிய சாலையில் இருக்கும் பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைக்க வேண்டியது. அதற்குள்ளே வெறும் தெர்மோகோல். மேலேதான் சர்க்கரைப் பூச்சு. மின்விசிறிக் காற்றில் சாய்ந்துவிடக் கூடாதென்று அடியில் தரையில் பதிக்கும் ஓடு ஒன்றை வேறு ஒட்டியிருந்தாள். அதனால் கனமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தது. வித்தியாசம் தெரிய வேண்டுமே என்று, தின்பதற்குப் பச்சை நாடா, பார்ப்பதற்கு நீல நாடா என்று கட்டி வைத்தாள்.

"அப்பா, பச்சை நாடா கட்டினதைக் கொண்டுபோங்க" என்று அடுப்படியிலிருந்து சொல்லியும் இருந்தாள். "தெரியும்மா" என்றார் அப்பா.

அந்த வீட்டில் வேலை மூன்று கைகளுக்கிடையே பிரிந்திருந்தது. கேக் அவளுடையது. பெட்டிக்குள் விரிக்கும் பின்னல் விரிப்பு அம்மாவுடையது. பெட்டி அப்பாவுடையது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அட்டையை இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டி மடித்தால் மூலைக்கு மூலை ஒரு நூல் பிசகாது. பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். கொடுப்பார், தலையசைப்பார், நிமிர்ந்த முதுகோடு திரும்பி வருவார். தன் வீட்டுப் பொருள் தலைகுனியாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். அதில் தவறொன்றும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் சில வீடுகளுக்குப் பெயர் இருக்கிறது.

ஆனால் சில மாதங்களாகப் பெட்டியின் மூலைகளில் இடைவெளி தெரிந்தது. அம்மா சத்தமில்லாமல் பசை தடவி ஒட்டுவாள். மகள் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள். இருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"யாரும்மா வாசல்ல?"

அப்பா வந்துவிட்டார். கத்தி குத்தி நிற்கும் கேக்கை உற்றுப் பார்த்தார். நாடாவை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். அது நீலமா பச்சையா என்று பிரிக்கத் தெரியாமல் அவர் முகம் மெல்ல இறுகுவதை அவள் கண்டாள். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நான்தாம்பா... நாடாவை மாத்திக் கட்டிட்டேன்."

அந்த இளைஞன் அவளைப் பார்த்தான். நீர்த்துளிகள் படிந்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... எதையோ புரிந்துகொண்ட கண்கள். 'ஐயோ, கண்டுபிடித்துவிட்டானோ?' அவள் மட்டும் பார்க்கும்படி, கொஞ்சமே கொஞ்சம், அவன் தலையசைத்தான். சொல்ல மாட்டேன் என்பதுபோல்.

"பரவாயில்லைங்க சார்" என்றான் சத்தமாக. "எங்க அப்பா தவறினதுக்கப்புறம் அம்மா இப்படி வயிறு குலுங்கச் சிரிச்சு நாங்க பார்த்ததே இல்லை. இன்னும் சிரிச்சுட்டுத்தான் இருக்காங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான்.

"சிரிச்சாங்களா?" அப்பாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "நம்ம வீட்டுப் பொருளைப் பார்த்து நாலு பேர் சிரிச்சாங்களா?"

"சார், நான் அந்த அர்த்தத்துல..."

"நல்ல கேக்கை எடுத்துக் கொடும்மா. தம்பி நனையறார்." திரும்பி நடந்தபடியே சொன்னார். "இனிமே இந்த வீட்டுலேருந்து ஒரு பெட்டியும் வெளிய போகாது."

பச்சை நாடா கட்டிய பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். அவனுக்கும் சிரிப்பு போயிருந்தது.

"என்னாலதானே?" என்றான் மெதுவாக.

அவள் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மாலை அவன் மறுபடி வந்தான். வாசலுக்கு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, தெருவில் ஒதுங்கி நின்றான். அன்று தூறல்தான்.

"கேக்ல ஒரு துண்டுகூட மிஞ்சலை. அம்மா சொல்லச் சொன்னாங்க."

"சரி... சொல்லிட்டீங்கல்ல, போங்க. அப்பா உள்ளதான் இருக்கார்."

"இன்னொண்ணு. தெருக்கோடியில கண்ணாடிக்கடை இருக்கே... அங்க கண் பரிசோதிக்கிறது நான்தான். உங்க அப்பா நேத்து எங்க வீட்டுப் படியைக் காலால தடவித்தான் ஏறினார். பெட்டியை நீட்டினப்போ என் கை ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். ஒரு தடவை கடைக்குக் கூட்டிட்டு வாங்க. நாடாவை மாத்தினது நீங்க இல்லைன்னு..."

"நிறுத்துங்க!" அவள் கண்கள் சிவந்தன. "எங்க அப்பா தப்பு பண்ணார்னு வெளி ஆள் யாரும் சொல்ல வேண்டாம். நான்தான் மாத்தினேன். அவ்வளவுதான்."

"தப்புன்னு நான் சொல்லவே இல்லையே..."

ஜன்னல் கதவு அறைந்து மூடியது.

பெற்ற தகப்பனை ஊரான் ஒருவன் குறை சொல்லும்போது மகள் அப்படித்தான் பேச வேண்டும். பேசினாள். ஆனால் பேசி முடித்ததும் ஜன்னலில் சாய்ந்து நின்று அழுதாள். அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். உள்ளே நாற்காலியில் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்ததா, இல்லையா... கேட்கவும் பயம்.

அதன் பிறகு வீடு வேறாகிப்போனது. ஓவன் சூடாகவில்லை. வெண்ணெயும் வெனிலாவும் மணக்காத அடுப்படி யாரோ ஒருவருடைய அடுப்படி போல இருந்தது. ஆர்டர் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களிடம் "இப்போ செய்யறதில்லைங்க" என்று சொல்லிவிட்டு அவள் சட்டென்று வைத்துவிடுவாள். அம்மா விரிப்புகளைப் பின்னிப் பின்னி அடுக்கினாள். அவற்றை விரிக்கப் பெட்டி இல்லை. அப்பா ஸ்கேலைத் தொடவேயில்லை.

"என்னங்க, ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்பாள் அம்மா.

"என்ன பேசணும்?" என்பார். அத்தோடு முடிந்தது.

தினமும் மாலையில் ஒரு குடை அந்தத் தெருவைக் கடந்து போகும். ஜன்னலுக்கு நேரே வரும்போது வேகம் குறையும். குடை சற்றே உயரும். கண்ணாடிக்குள்ளிருந்து அந்தக் கண்கள் தயங்கித் தயங்கி அவளைத் தேடும். திரைச்சீலைக்குப் பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். 'போ... போய்விடு' என்று மனம் சொல்லும். போய்விட்டால், 'அதற்குள்ளா!' என்று அதே மனம் ஏங்கும். அவனுக்கு அவள் வைத்திருந்த பெயர் கத்திக்காரன். கோபத்தில் வைத்த பெயர்தான். இப்போது அதைச் சொல்லிப் பார்த்தால் கோபம் மட்டும் வர மறுத்தது...

ஒரு நாள் மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றோடு மழை பிடித்துக்கொண்டது.

"உங்க அப்பா எங்கடி?" அம்மா அறைக்கு அறை ஓடி வந்தாள். "நாற்காலியில இல்லை. மொட்டைமாடியிலயும் இல்லை. குடையைக் காணோம்!"

இந்த மழையிலா? படி எது, பள்ளம் எது என்று தெரியாத அந்தக் கண்களோடா? தெருமுனையில் வண்டிகள் எந்தப் பக்கமிருந்து வரும் என்றே சொல்ல முடியாதே!

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். மருந்துக்கடையில் கேட்டாள். அவர் வரவில்லை. தையல்காரரிடம் கேட்டாள். அவரும் பார்க்கவில்லை. தண்ணீர் கணுக்கால் வரை ஓடியது. 'அன்றைக்கே அந்தக் கத்திக்காரன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதா? என் வீம்பு... எல்லாம் என் வீம்பு...' தெருக்கோடி வரை வந்து, மூச்சு வாங்க நின்றபோதுதான் கண்டாள்.

கண்ணாடிக்கடை வாசலில், அளவெடுத்து வைத்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு செருப்புகள். அப்பாவைத் தவிர வேறு யாரும் செருப்பை அப்படிக் கழற்றி வைக்க மாட்டார்கள்.

உள்ளே, பாதி இருட்டான ஒரு சின்ன அறை. கருவியின் முன் மோவாயை வைத்து அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே அவன், ஒரு சிறிய விளக்கை அவர் கண்ணுக்கு நேரே நகர்த்திக்கொண்டிருந்தான். அவள் உள்ளே நுழையக் காலெடுத்தாள். அப்பாவின் குரல் அவளை நிறுத்தியது.

"தம்பி, அன்னைக்குப் பெட்டியை மாத்தி எடுத்தது நான்தான். என் பொண்ணு எனக்காகப் பொய் சொன்னா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சொல்லலை? உங்க அம்மாகிட்டக்கூட?"

"இல்லை சார்."

"ஏன்?"

"உங்க பொண்ணு சொல்ல வேண்டாம்னு நினைச்சாங்க. அதனால..."

அப்பா கருவியிலிருந்து மோவாயை எடுத்தார். பிறகு அவர் குரல் கம்மியது. அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. "கொஞ்ச நாளா எல்லாம் மங்கலாத்தான் தெரியுது. மொத்தமா இருட்டிடுமோன்னு பயம். யார்கிட்டயும் சொல்லலை. கண்ணு தெரியாதவன்னு வீட்டுல ஒரு மூலையில உக்கார வெச்சிடுவாங்களோன்னு... மறைக்காம சொல்லுங்க. போயிடுமா?"

அவன் விளக்கை அணைத்தான்.

"ஒண்ணும் போகாது சார். ரெண்டு கண்ணுலயும் புரை. அவ்வளவுதான். புரை விழுந்தா நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது. அன்னைக்கு உங்க இடத்துல யார் இருந்தாலும் அந்தப் பெட்டியைத்தான் எடுத்திருப்பாங்க. சின்ன ஆபரேஷன். பண்ணிக்கிட்டா பழையபடி பார்க்கலாம்."

"பழையபடின்னா? ஒரு நூல் பிசகினாலும் தெரியுமா?"

"தெரியும். மத்தவங்க பண்ற பிசகும் சேர்த்துத் தெரியும்."

"அப்பாடா!"

சொன்னது அப்பா இல்லை. கதவில் சாய்ந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற மகள். அழுகையும் சிரிப்புமாக அவள் ஓடிவந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களேப்பா... அம்மா அங்க துடிச்சுப்போயிட்டாங்க."

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் கூடவே வருவீங்க. என் தப்பை நான்தானே வந்து ஒத்துக்கணும்?" அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். கண்களை மட்டும் திறக்கவில்லை.

"மருந்து விட்டிருக்கேன். வெளிச்சம் பட்டா கூசும். கொஞ்ச நேரம் மூடியே இருக்கட்டும்" என்றான் அவன். அம்மாவுக்கு அவனே தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னான். ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான். "தலையைத் துவட்டுங்க. இந்தத் தடவை நனைஞ்சது நீங்க."

அவள் துண்டை வாங்கிக்கொண்டாள். பார்வையைத் தரையில் வைத்தே கேட்டாள்.

"ஜன்னலைச் சாத்தினேனே... கோபமா?"

"ஜன்னல் மேல கோபம்தான். உங்க மேல இல்லை."

"உங்க கடை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். தினம் எங்க தெரு வழியா எதுக்குப் போறீங்க?"

"அது... குறுக்கு வழி."

"சுத்து வழி! கொட்டற மழையிலயும்?"

"கேக் வாசனை வருதான்னு பார்க்கலாம்னு..." சொல்லிவிட்டு நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. "இல்லை. பொய். திரைச்சீலை அசையுதான்னு பார்க்கத்தான் வந்தேன். அசையற அன்னைக்கு நல்லாத் தூக்கம் வரும். எங்க அம்மாகூட, 'யாருடா அந்தப் பொண்ணு?'ன்னு..."

"தம்பி."

இருவரும் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார்கள்.

"மருந்து விட்டது கண்ணுலதானே? காதுல இல்லையே?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "சார்... மன்னிச்சுக்கங்க சார்..."

"மன்னிப்பு எதுக்கு? கடையில வெச்சுப் பேசற பேச்சா இது?" மூடிய கண்களோடு, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, அப்பா அதட்டினார். ஆனால் அந்த அதட்டலில் பழைய இறுக்கம் இல்லை. "வீடு இருக்கு, வாசல் இருக்கு. உங்க அம்மாவைக் கூட்டிட்டு முறையா வாங்க. சிரிச்சாங்களாமே... வந்து எங்க வீட்டுலயும் சிரிக்கட்டும். இவ ஒரு கேக் பண்ணி வைப்பா. வெட்டற கேக்."

"பண்ணலாமாப்பா?" அவள் குரல் உடைந்தது. "நிஜமாவா? மறுபடியும் பண்ணலாமா?"

"நான் சொன்னதை நான்தானே திருப்பி வாங்கணும்? வாங்கிட்டேன். போதுமா?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. வரச் சொல்லிட்டேன்... வரலாமா? உன் மனசுல என்ன இருக்கு?"

மழை சட்டென்று குறைந்து, கூரையிலிருந்து சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. எதிரே அவன், கையில் கண்ணாடியோடு, மூச்சுவிடவும் மறந்து நின்றான். கண்ணாடி இல்லாமல் அந்தக் கண்களை அவள் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் யாரும் தப்பு சொல்ல முடியாது... அப்பாவின் கண்கள் மூடியிருக்கின்றன.

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்றாள்.

"என்கிட்ட எதுக்கும்மா சொல்றே?" என்றார் அப்பா. "கேட்டுட்டு நிக்கறவர்கிட்ட சொல்லு."

அவள் சொன்னாள். மிக மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சின்ன அறையில் இருந்த இருவருக்குமே நன்றாகக் கேட்டது.